கட்டற்ற இயங்குதளத்திற்கு மாறுதலும் தமிழாய்வுக்கு நேரும் இடர்களும்

முன்னுரை

தமிழ்த் துறைகளில் எழுதுகோல் வகித்த இடத்தை இன்று கணிப்பொறி பெற்றுவிட்டது. ஆய்வேடு எழுதுதல், சொல்லடைவு தொகுத்தல், சுவடிப் படிகளை ஒப்புநோக்கல், ஆய்விதழை அச்சிடல் ஆகிய யாவும் அதன் வழியே நடைபெறுகின்றன. கணிப்பொறியின் உறுப்புகளை இயக்கிப் பிற மென்பொருள்களுக்கு நிலைக்களனாய் அமைவது இயங்குதளம் எனப்படும். நம் கல்லூரிகளில் பெரும்பாலும் வழங்கிவருவது மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரின் விண்டோஸ் ஆகும். அதன் பத்தாம் பதிப்புக்கு அந்நிறுவனத்தார் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அதற்கு அடுத்த பதிப்போ, குறிப்பிட்ட சில பாதுகாப்பு உறுப்புகள் அமையாத பழைய பொறிகளை முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே, நன்கு இயங்கும் பொறிகளைக் கழித்துவிட்டுப் புதியன வாங்குவதா, அவற்றிலேயே லினக்ஸ் முதலிய கட்டற்ற இயங்குதளம் ஒன்றை நிறுவுவதா என்னும் வினா பல துறைகளின்முன் நிற்கின்றது.

இவ்வினாவுக்கு விடை கூறுவோர் இரு சாரார். ஒரு சாரார் மாற்றத்தின் நலங்களையே எடுத்தோதுவர். மற்றொரு சாரார் ‘அது நமக்கு ஒத்துவாராது’ என ஒரே சொல்லில் ஒதுக்குவர். இடர்கள் யாவை, அவை எங்கிருந்து பிறக்கின்றன, அவற்றுள் நீக்கத்தக்கன எவை என முறைப்பட ஆராய்ந்தார் சிலரே. தமிழாய்வாளர் நோக்கில் அவ்விடர்களை வகைப்படுத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கட்டற்ற மென்பொருளை இகழ்தல் இதன் கருத்தன்று.

கட்டின்மையும் விலையின்மையும்

முதற்கண் ஒரு சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல் ‘உரிமையுடைய’ என்றும் ‘விலையில்லாத’ என்றும் இருபொருள் படுவதால் அம்மொழியில் பெருங்குழப்பம் நேர்ந்தது. தமிழில் ‘கட்டற்ற’ என்றும் ‘இலவச’ என்றும் இரு சொற்கள் இருத்தலின் அக்குழப்பத்திற்கு இடமில்லை. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தபோது வற்புறுத்தியது விலையின்மையை அன்று. மென்பொருளை இயக்கவும், அதன் மூலநிரலைக் கற்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் பயனர்க்குள்ள உரிமையையே ஆகும். 1991இல் லினஸ் டோர்வால்ட்சு என்னும் பின்லாந்து மாணவர் எழுதி வெளியிட்ட லினக்ஸ் கருநிரல், பின்னர்க் குனூ திட்டத்தின் கருவிகளோடு சேர்ந்து முழு இயங்குதளமாயிற்று. டெபியன், உபுண்டு, பெடோரா என்பன அதன் வெவ்வேறு வழங்கல்கள்.

இவ்வேறுபாட்டை உணராமையே முதல் இடர் எனலாம். விலை இல்லை என்று கருதி மாறுவோர், செலவும் இல்லை என்று கருதிவிடுகின்றனர். உரிமத்திற்குக் கொடுக்கும் பணம் மிச்சமாவது உண்மையே. ஆயின் பயிற்சிக்கும், பழைய கோப்புகளை மாற்றுதற்கும், பழுது நேர்ந்தவிடத்துத் துணைபுரிவார்க்கும் ஆகும் செலவு எஞ்சிநிற்கின்றது. அச்செலவு பணமாகத் தோன்றாது, ஆய்வாளரின் நாள்களாகத் தோன்றுவதால் எந்தக் கணக்கேட்டிலும் இடம்பெறுவதில்லை.

இடர்கள் மூவகைய

மாற்றத்தால் நேரும் இடர்களை மூவகையாகப் பகுக்கலாம். புதிய தளத்தின் இயல்பாலேயே வருவன ஒருவகை. பழைய தளத்தில் நாம் பூண்டிருந்த பிணிப்புகள், அதனை நீங்குங்கால் வெளிப்படுதலால் வருவன மற்றொரு வகை. மாற்றத்தை நடத்தும் முறையில் உள்ள குறையால் வருவன மூன்றாம் வகை. இம்மூன்றையும் ஒன்றாகக் கருதிப் ‘புதிய தளம் தீது’ என முடிவுகட்டுதல், நோயின் காரணம் அறியாது மருந்தைப் பழிப்பதை ஒக்கும்.

தளத்தின் இயல்பால் வருவன

தமிழ்த் துறையை முதலில் தாக்குவது அச்சுப்பக்க அமைப்பு பற்றிய இடராகும். நூல்களையும் இதழ்களையும் பக்கம் அமைப்போர் பலரும் அடோபி நிறுவனத்தாரின் இன்டிசைன் என்னும் மென்பொருளைக் கையாள்கின்றனர். அதற்கு முன்னர் வழங்கிய பேஜ்மேக்கரை இன்றளவும் விடாதாரும் உளர். இவ்விரண்டும் லினக்ஸுக்கென வெளியிடப்படவில்லை. கட்டற்ற மென்பொருள்களுள் இப்பணிக்கு உரியது ஸ்கிரைபஸ். ஆனால், கொம்பும் காலும் சேர்ந்து எழுத்துருவம் மாறும் தமிழ் முதலிய மொழிகளுக்குத் தக்க எழுத்தமைப்புப் பொறி அதில் நெடுங்காலம் இல்லை. 2017இல் வெளிவந்த 1.5.3 என்னும் சோதனைப் பதிப்பிலேயே அது சேர்க்கப்பட்டது. அவ்வசதியோடு கூடிய நிலைபெற்ற பதிப்பு 2024இல்தான் வெளிவந்தது. அதுவரை தமிழ் நூலை அதில் பக்கம் அமைக்க முயன்றோர், கொம்பு தன் எழுத்தை விட்டுத் தனியே நிற்பதைக் கண்டு கைவிட்டனர். இன்று அக்குறை நீங்கியதாயினும், அச்சகத்தாரிடமிருந்து வரும் கோப்பு இன்டிசைன் வடிவினதாயின் அதனைத் திறந்து திருத்த வழியில்லை.

அடுத்தது கருவிகள் பற்றியது. மலிவான அச்சுப்பொறிகள் சில, பக்கத்தை அச்சுக்கேற்ற உருவாக்கும் வேலையைத் தாம் செய்யாது கணிப்பொறியிடமே விட்டுவிடும். அவ்வேலையைச் செய்யும் இயக்கி மென்பொருளை அவற்றைச் செய்த நிறுவனமே அளித்தல் வேண்டும். விண்டோஸுக்கு அதனை அளிப்போர் லினக்ஸுக்கு அளிக்கத் தவறுவதும், ஒருமுறை அளித்துவிட்டுப் பின்னர்ப் புதுப்பியாது விடுவதும் உண்டு. சுவடிகளையும் பழைய இதழ்களையும் படியெடுக்கும் வருடிகளுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, பொறுப்புடையார் யார் என்னும் வினா. கட்டற்ற மென்பொருள் உரிமங்கள் பெரும்பாலும் எவ்வகை உறுதியும் இன்றியே மென்பொருளை வழங்குகின்றன. உறுதியின்மை வணிக மென்பொருள் உரிமங்களிலும் உண்டென்பது உண்மையே. எனினும் அங்கு முறையிடுவதற்கு ஒரு முகவரேனும் இருக்கின்றார். மேலும், உலகம் முழுதும் நம்பியிருக்கும் சில சிறு மென்பொருள்கள் ஓரிருவரின் ஓய்வுநேர உழைப்பால் நிலைபெறுகின்றன. 2024 மார்ச்சு மாதத்தில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்னும் நிரல்தொகுதியில் கள்ளவாயில் ஒன்று புகுத்தப்பட்டிருந்தது வெளிப்பட்டது. புனைபெயரில் வந்த ஒருவர், களைப்புற்றிருந்த காப்பாளரின் நம்பிக்கையைச் சில ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக ஈட்டி அதனைச் செய்திருந்தார். தொலைவிலிருந்து கணிப்பொறியினுள் நுழைய ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் அதனைக் கண்டுபிடித்தார். மூலநிரல் திறந்திருந்தமையாலேயே கேடு வெளிப்பட்டது. காப்பார் சிலராய் இருந்தமையாலேயே கேடு உட்புகுந்தது. இவ்விரண்டனுள் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுவது நடுநிலை ஆகாது.

கட்டற்ற தளம் என்றும் நிலைத்திருக்கும் என்று எண்ணுதலும் தவறாகும். சென்ட்ஓஎஸ் என்னும் லினக்ஸ் வழங்கலின் எட்டாம் பதிப்பு 2029 வரை காக்கப்படும் என நம்பிப் பல நிறுவனங்கள் அதனை மேற்கொண்டன. 2020 திசம்பரில், அது 2021 இறுதியோடு முடிவுறும் என்று அறிவிக்கப்பட்டது. மூலநிரல் கையில் இருப்பினும், அதனைக் காத்து நடத்தும் ஆற்றல் பயனரிடம் இல்லையாயின், உரிமை பெயரளவாய் நின்றுவிடும்.

பழைய பிணிப்பால் வருவன

இவ்வகை இடரே தமிழாய்வுக்குப் பெருங்கேடு விளைக்க வல்லது. ஆகவே இதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

ஒருங்குறி பரவுதற்குமுன், தமிழ் எழுத்துருக்களைச் செய்தோர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி குறிமுறை வகுத்துக்கொண்டனர். பாமினி முதலிய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய குறியெண்களின் மேல் தமிழ் வடிவங்கள் ஏற்றப்பட்டன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக டாம், டாப் என்னும் இரு குறிமுறைகளும், தமிழ் 99 விசைப்பலகையும் தமிழக அரசின் தரங்களாயின. 2010இல் ஒருங்குறி அரசின் தரமாக ஏற்கப்பட்டது. எனினும் அவ்விடைக்காலத்தில் எழுதப்பட்ட ஆய்வேடுகளும், சொல்லடைவுகளும், நூற்பதிப்புகளும் பழைய குறிமுறைகளிலேயே உறங்குகின்றன.

அவற்றைப் புதிய தளத்தில் திறந்தால், உரிய எழுத்துரு இல்லாமையால், ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்த பொருளற்ற கோவையே தோன்றும். எழுத்துருவை மட்டும் கொண்டுவந்து நிறுவலாமே எனின், சிலவற்றின் உரிமம் அதற்கு இடந்தராது. வேறு சில, கணிப்பொறியின் பின்புறம் செருகும் பூட்டின்றி இயங்காத தமிழ் மென்பொருளோடு பிணைந்தவை. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்கும் வைன் என்னும் இடையீடும் இத்தகைய பூட்டின்முன் பெரும்பாலும் பயன்படுவதில்லை.

எஞ்சிய வழி, கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுதலே. இதற்கு மாற்றிகள் பல உள்ளன. ஆயின் அவற்றின் விளைவை ஆராயாது ஏற்றல் கூடாது. பழைய குறிமுறைகளில் எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் முறையில் அமைந்தன. கொம்பு முன்னும் மெய் பின்னுமாய் நிற்கும். ஒருங்குறியிலோ மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாய் நிற்கும். இம்முறைமாற்றத்தை மாற்றிகள் பொதுவாகச் செவ்வனே செய்கின்றன. இடர் விளைவது ஔகாரத்தில். ஔகாரத்தின் பிற்பகுதிக்கும் ளகரத்திற்கும் பழைய எழுத்துருக்களில் ஒரே வடிவமே வழங்கிற்று. ஆகவே ‘கௌவை’ என்னும் சொல் ‘கெளவை’ எனவும், ‘வௌவால்’ ‘வெளவால்’ எனவும், ‘ஔவை’ ‘ஒளவை’ எனவும் மாறிவிடுகின்றன. மேலே காட்டிய இணைகளை அச்சில் காண்பார்க்கு வேறுபாடு புலப்படாது. ஆயின் கணிப்பொறிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ‘ஔவை’ எனத் தேடுவார்க்கு ‘ஒளவை’ அகப்படாது. அகரநிரலில் முன்னது ஔகாரத்திலும் பின்னது ஒகரத்திலும் சென்று அமரும். அலரைக் குறிக்கும் ‘கௌவை’ சங்கநூல்களில் எத்துணை இடங்களில் வருகின்றது என எண்ணப் புகும் மாணவர், பிழையான தொகையையே பெறுவர். அது பிழை என அறியவும் மாட்டார்.

இன்னொன்று அடிக்குறிப்பு பற்றியது. பழைய எழுத்துருக்களில் ஆங்கிலத்திற்கும் தமிழுக்கும் குறியெண்கள் பொதுவாயின், எழுத்துருவின் பெயர் ஒன்றே அவற்றைப் பிரித்துக்காட்டும். கோப்பை வெறும் எழுத்துக் கோவையாக்கி மாற்றும்போது அப்பெயர் மறைகின்றது. அப்போது ஆங்கில நூற்பெயர்களும் ஆசிரியர் பெயர்களும் தமிழ் எழுத்துகளாலான பிதற்றலாய் மாறும். மேற்கோளின் சான்று அழிந்த ஆய்வேடு, ஆய்வேடு ஆகாது.

எம் துறையில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், 1990களில் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த சொல்லடைவைக் கோப்புகளாக விட்டுச் சென்றார். பொறிகளை மாற்றியபோது அக்கோப்புகள் திறவாவாயின. அவ்வெழுத்துருவைச் செய்த நிறுவனம் இன்று இல்லை. நல்வாய்ப்பாகத் தாளில் அச்சிட்ட படி ஒன்று அவர் இல்லத்தில் இருந்தது. அதனை அருகில் வைத்துக்கொண்டு, மாற்றி தந்த வடிவத்தை வரிவரியாக ஒப்புநோக்கித் திருத்த ஆய்வுமாணவர் இருவர்க்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் கழிந்தது. ‘மாறாமல் இருந்திருந்தால் இத்துன்பம் இல்லையே’ என்று அவர்கள் கூறியது இயல்பே. ஆயின் ஆராய்ந்து நோக்கின், அச்சொல்லடைவு அந்நிறுவனம் மறைந்த அன்றே ஆபத்துக்குள்ளாயிற்று. இயங்குதள மாற்றம் அவ்வாபத்தை உண்டாக்கவில்லை, வெளிப்படுத்திற்று. பழைய பொறி பழுதாகி நின்றிருந்தாலும் அதுவே நேர்ந்திருக்கும்.

ஒருங்குறியில் எழுதப்பட்ட கோப்புகளுக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. விண்டோஸோடு வரும் லதா என்னும் எழுத்துரு லினக்ஸ் வழங்கல்களில் இல்லை. அதன் இடத்தை லோகித் தமிழ், நோட்டோ முதலியன பெறும். இவற்றின் அகலம் வேறாதலின் வரிகள் மாறும். வரி மாறப் பக்கமும் மாறும். எம் மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டின் இறுதியில் பொருளடைவுக்குரிய பக்க எண்களைக் கையால் இட்டிருந்தார். ஆய்வேட்டை ஒப்படைக்க நான்கு நாள்களே இருந்தபோது, புதிய தளத்தில் லிபர்ஆபீஸில் அதனைத் திறந்தார். பக்கங்கள் பெருகி, அடைவின் எண்கள் யாவும் பொய்யாயின. அவர் இரவோடிரவாகக் கணினி அச்சுக்கடை ஒன்றை நாடிப் பழைய தளத்தில் ஆய்வேட்டை அச்சிட்டுத் தப்பினார். அடைவை எழுதுசெயலியே தொகுக்குமாறு முன்னரே குறித்து வைத்திருப்பின் எத்தளத்திலும் இவ்விடர் நேர்ந்திராது. எனினும் அதனை நாம் அவர்க்குக் கற்பித்தோம் அல்லேம்.

மாறும் முறையால் வருவன

இவ்வகைக்கு உலகறிந்த சான்று செருமனியின் மியூனிக் மாநகராட்சி. 2003இல் அம்மன்றம் தன் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்ற முடிவு செய்தது. அதனைத் தடுத்தற்பொருட்டு மைக்ரோசாப்டின் தலைமை அலுவலராய் இருந்த ஸ்டீவ் பால்மர் நேரில் சென்று நகரத்தலைவரைக் கண்டார், பயன் விளையவில்லை. லிமக்ஸ் எனப் பெயரிய அத்திட்டம் பத்தாண்டு நடந்து 2013இல் நிறைவுற்றபோது ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகள் மாறியிருந்தன. ஆயின் 2017இல் அம்மன்றமே விண்டோஸுக்குத் திரும்ப முடிவு செய்தது. 2020இல் அமைந்த புதிய ஆட்சிக் கூட்டணி, இயன்றவிடத்துக் கட்டற்ற மென்பொருளையே மேற்கொள்வதென மறுபடியும் உடன்பட்டது.

இவ்வூசலாட்டத்திற்குக் காரணம் யாது? வெளியாரோடு ஆவணங்களைப் பரிமாறுங்கால் வடிவம் சிதைதலும், விண்டோஸில் மட்டும் இயங்கும் தனித்துறை மென்பொருள்களைக் கைவிட இயலாமையும், அதனால் இரு தளங்களையும் ஒருங்கே பேண நேர்ந்தமையும் பணியாளர்க்கு மனக்குறையை விளைத்தன. எனினும் மாநகராட்சியின் வேண்டுகோட்படி 2016இல் வெளிவந்த ஆலோசனை அறிக்கை, குறைகளுக்குப் பெருங்காரணம் தொழில்நுட்ப நிருவாகத்தின் அமைப்பே எனக் காட்டிற்று. தளத்தின்மேல் ஏற்றப்பட்ட பழியுள் ஒரு பகுதி நிருவாகத்திற்கு உரியது என்பது இதனால் பெறப்படும்.

நம் துறைகளின் நிலையும் இதனின் வேறன்று. ஆர்வமுடைய ஓர் ஆசிரியர் மாற்றத்தை நடத்துவார். அவர் வேறு கல்லூரிக்குச் சென்றபின் பொறிகள் கேட்பாரற்றுக் கிடக்கும். பழகிய தட்டச்சு விசைப்பலகை லினக்ஸிலும் உண்டென்பதை அறியாது, முதியோர் எழுதுவதையே நிறுத்திவிடுவர். ஐபஸ் முதலிய உள்ளீட்டுக் கருவிகளில் தமிழ் 99, தட்டச்சு ஆகிய விசைமுறைகள் கிடைக்கின்றன. எனினும் அவற்றை நிறுவிக் காட்டுவார் ஒருவர் வேண்டும். இதற்கு மாறாகக் கேரளத்து அரசுப் பள்ளிகளில் கட்டற்ற தளம் வேரூன்றி நிற்கின்றது. அங்கு ஆசிரியர்க்குப் பயிற்சியும், பாடத்திட்டத்தில் இடமும், பள்ளிக்கென்றே அமைத்த வழங்கலும், அதனைப் பேணும் அரசு நிறுவனமும் ஒருங்கே அமைந்தன.

செயத்தக்கன

மேற்கூறியவற்றால் மாற்றத்தை மேற்கொள்ள விரும்பும் துறை முன்னரே செய்யத்தக்கன சில பெறப்படுகின்றன.

முதலாவது, கோப்புகளின் கணக்கெடுப்பு. எவை பழைய குறிமுறையில் உள்ளன, எவ்வெழுத்துருவில் உள்ளன என்று பட்டியல் இடுதல் வேண்டும். இரண்டாவது, பழைய பொறி உயிரோடிருக்கும்போதே, ஒவ்வொரு கோப்பையும் பக்கம் மாறாத பி.டி.எஃப். வடிவில் ஒருபடி எடுத்து வைத்தல். மாற்றியின் பிழைகளை ஒப்புநோக்கித் திருத்த அதுவே மூலப்படியாகும். மூன்றாவது, மாற்றிய கோப்புகளில் ஔகாரத்தையும் ஆங்கில அடிக்குறிப்புகளையும் தனியே ஆராய்தல். நான்காவது, இயங்குதளத்தை மாற்றுமுன் பழைய தளத்திலேயே லிபர்ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருளைப் பழகுதல். மாற்றம் பாதி அப்போதே நிகழ்ந்துவிடும். ஐந்தாவது, பக்கம் அமைத்தற்கும் வருடிக்கும் பழைய தளமுடைய பொறி ஒன்றை வலைத்தொடர்பின்றி வைத்துக்கொள்ளல். ஆறாவது, பணியறிந்தார் இருவரையேனும் உருவாக்குதல், ஒருவர் போதார்.

முடிவுரை

கட்டற்ற இயங்குதளத்திற்கு மாறுதலில் இடர்கள் உள. அவற்றை மறைத்தல் அத்தளத்திற்கே தீங்காகும். ஏமாந்தவர் மீண்டும் அணுகார். அவ்விடர்களுள் பக்கம் அமைக்கும் மென்பொருள், இயக்கிகள், காப்போர் குறைவு ஆகியன தளத்திற்கு உரியன. குறிமுறைச் சிக்கலும் பக்கமாற்றமும் நம் பழைய வழக்கங்களுக்கு உரியன. பயிற்சியின்மையும் தொடர்ச்சியின்மையும் நிருவாகத்திற்கு உரியன. இறுதியில் கூறிய இரண்டும், தளத்தை மாற்றாது இருப்பதால் நீங்கா. அவற்றைத் தீர்த்தபின் எத்தளத்தை மேற்கொள்வது என்பதை ஒவ்வொரு துறையும் தன் தேவை நோக்கி முடிவு செய்யலாம்.

ஏட்டுச்சுவடிகளைச் செல்லரித்த காலத்தில், பெயர்த்தெழுதியவை பிழைத்தன, எழுதாதவை அழிந்தன. நம் தலைமுறை கணிப்பொறியில் எழுதியவற்றுக்கும் இந்நியதியே பொருந்தும். எம் துறையின் கணக்கெடுப்பில் இன்னும் திறந்து பாராத கோப்புறைகள் எஞ்சியுள்ளன. பிற துறைகளும் தத்தம் கோப்புறைகளைப் பழைய பொறி இயங்கும்போதே திறந்து பார்த்தல் நன்று.